எண்பத்திரண்டுக்குக் கீழே

கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். கொண்டை ஊசிகள் நான்கையும் உருவினாள். மோதிரம் இப்போதெல்லாம் தானாகவே கழன்று வந்தது. எல்லாவற்றையும் குளியலறை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, மூச்சை முழுக்க வெளியே விட்டு, எடை இயந்திரத்தின் மேல் ஏறினாள். எண்கள் சற்றுத் தடுமாறி எண்பத்து நான்கில் நின்றன. இறங்கி, இயந்திரத்தைக் காலால் பக்கத்து டைலுக்குத் தள்ளி மறுபடி ஏறினாள். எண்பத்து நான்கு புள்ளி இரண்டு. கதவோரம் தரை கொஞ்சம் சரிவு. அங்கே எப்போதும் இருநூறு கிராம் தள்ளுபடி கிடைக்கும். இன்று அங்கேயும் எண்பத்து நான்குதான்.

வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவமனையில் ஏறி நிற்கவேண்டும். எண்பத்திரண்டுக்குக் கீழே இருந்தால் அவளுடைய ஈரலை ஸ்கேன் செய்வார்கள். கொழுப்பு கரைந்திருந்தால் அதில் பாதிக்கு மேல் அறுத்துத் தம்பிக்கு வைப்பார்கள். எண்பத்திரண்டுக்கு மேலே இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சுவர் ஆணியில் ஒரு நோட்டு தொங்கியது. இடப்பக்கம் அவள் எடை, வலப்பக்கம் தம்பி எடை. தம்பிக்கு ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் உடனே போன் செய்யச் சொல்லியிருந்தார்கள். அதனால் அவனும் தினமும் ஏறினான். அவளுக்கு இறங்கவில்லையே என்று பயம், அவனுக்கு ஏறிவிடுமோ என்று பயம். வீட்டில் இருந்தது ஒரே இயந்திரம்.

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"என்னக்கா, எவ்ளோ?"

"எண்பத்து நாலு."

"நேத்தும் அதானே?"

"நேத்தும் அதான், முந்தாநேத்தும் அதான். அடிச்சு வச்ச மாதிரி நிக்குது."

அவன் ஏறினான். அறுபத்தாறு. நேற்றைவிட அறுநூறு கிராம் கூடுதல். கையும் காலும் குச்சியாக இருந்தன. ஏறியதெல்லாம் வயிற்றில்தான்.

"பாத்தியா, நீ விடறதையெல்லாம் நான் பொறுக்கிக்கறேன். ரெண்டையும் கூட்டிப் பாரு, குடும்பம் முன்னேறிக்கிட்டுதான் இருக்கு."

அவள் சிரித்தாள். அவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் கண்ணின் வெள்ளை பழுத்துக் கிடந்தது.

வேறு ஆள் இல்லை. தம்பி மனைவிக்கு ரத்த வகை பொருந்தவில்லை. பெரியப்பா மகன் ஒருவன் தானாகவே வந்து ரத்தம் கொடுத்தான். பொருந்துகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவன் போனை எடுப்பதில்லை. அவளுக்கு எல்லாம் பொருந்தியது. கொழுப்புதான் குறுக்கே நின்றது. டாக்டர் ஒரு தாளில் ஈரலை வரைந்து, அதில் நான்கில் ஒரு பங்கைப் பேனாவால் கறுப்பாக்கி, இவ்வளவும் கொழுப்பு, இதைத் தூக்கி அவருக்கு வைத்தால் இருவருக்கும் ஆபத்து என்றார். பத்து வாரம் கொடுத்தார். அன்று அவள் தொண்ணூற்று மூன்று கிலோ.

கணவன் இறந்த பிறகு பன்னிரண்டு வருடமாகத் தம்பி வீட்டு முன்னறை அவளுடையது. அதே பன்னிரண்டு வருடமாக பிஸ்கட் ஆலையில் வேலை. பெல்ட்டில் ஓடிவரும் பிஸ்கட்டுகளில் உடைந்ததை, கருகியதை, ஓரம் பெயர்ந்ததைப் பொறுக்கி எடுத்துப் பக்கத்துத் தட்டில் போடவேண்டும். ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. உடைசலை யாரும் வெளியே கொண்டுபோகக் கூடாது, உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். புதிதாகச் சேர்பவர்கள் ஒரு மாதம் அள்ளி அள்ளித் தின்பார்கள், அப்புறம் அந்த வாசனையே குமட்டும். அவளுக்கு மட்டும் குமட்டவே இல்லை. பன்னிரண்டு வருடமாகக் கை பொறுக்கியது, வாய் மென்றது. கணவனை நினைக்காமல் எட்டு மணிநேரம் ஓட அது உதவியது. முப்பது கிலோ அப்படி ஏறியதுதான்.

இந்தப் பத்து வாரமும் அவள் வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு நின்றாள். காலையில் முட்டை, மதியம் வேகவைத்த காய், ராத்திரி மோர். ஆலைக்கு நாற்பது நிமிடம் நடை, திரும்ப நாற்பது நிமிடம். முதல் ஏழு வாரம் எடை சொன்ன பேச்சைக் கேட்டது. ஒன்பது கிலோ. அப்புறம் உடம்பு அடம்பிடித்து உட்கார்ந்துகொண்டது. காயைப் பாதியாக்கினாள், நடையை இரட்டிப்பாக்கினாள், அசையவில்லை. ராத்திரி படுத்தால் பசி வயிற்றில் இல்லை, பல்லில் இருந்தது.

போன மாதம் தம்பியை இரண்டாவது முறை சேர்த்தபோது, டாக்டர் அவன் மனைவியை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இரண்டு மாதம் தாங்கலாம் என்றார். அவர்களுக்குத் தெரியாமல் அவள் தூணுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். அதில் ஒரு மாதம் போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஆலையில் அது நடந்தது. பக்கத்தில் நிற்பவளுக்கு வானொலி என்று பெயர். காலையில் போட்டால் சங்கு ஊதும்வரை அணையமாட்டாள். தன் நாத்தனாரின் வளைகாப்புச் செலவைப் பற்றி ஓடிக்கொண்டிருந்த வானொலி திடீரென்று நின்றது. நின்றதால்தான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அடியே."

"என்னடி?"

"வாயில என்ன?"

அவள் மெல்வதை நிறுத்தினாள். தட்டைப் பார்த்தாள். கால்வாசி காலி. கிராம்பு எப்போது போனதென்று தெரியவில்லை. உதட்டோரம் தூள் ஒட்டியிருந்தது.

"எவ்ளோ நேரமாடி திங்கறேன்?"

"எனக்கென்ன தெரியும்? நான் பேசிட்டு இருந்தேன்."

"நீ பேசாம இருந்திருந்தா பாத்திருப்பேல்ல!"

"ஆமா, உன் வாய்க்கும் நான்தான் காவலா?" என்ற வானொலி, அவள் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினாள். "போயி துப்பிட்டு வா. ஒண்ணும் ஆகாது. போ."

கழிப்பறையில் விரலை விட்டுப் பார்த்தாள். எச்சில்தான் வந்தது. பன்னிரண்டு வருடம் உள்ளே போய்ப் பழகியது, வெளியே வர அதற்குத் தெரியவில்லை. கண்ணாடியில் தன் கையைப் பார்த்தாள். வேறு யாருடையதோ போல அது தொங்கியது.

சனிக்கிழமை காலை எண்பத்து நான்கு புள்ளி நான்கு. எழுதிவிட்டு நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். தன் பக்கத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தம்பியின் பக்கத்தைப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன் அறுபத்தெட்டு. மறுநாள் அறுபத்தாறு புள்ளி ஒன்பது. அதற்கு மறுநாள் அறுபத்தைந்தே முக்கால். அவளுக்கு நினைவு வந்தது. நீர் மாத்திரையை அன்றுதான் இரண்டாக்கினார்கள். இரண்டே நாள், இரண்டே கால் கிலோ. பட்டினி இல்லை, நடை இல்லை.

மாத்திரைகள் பிரிட்ஜின் மேல் ஒரு டப்பாவில் இருந்தன. தம்பி மனைவி ஞாயிறுதோறும் வாரத்துக்கு உரியதை எடுத்துப் பிரித்து வைப்பாள். மீதி அட்டைகள் அப்படியே கிடக்கும். வீட்டில் இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு மாத்திரையை உரித்து வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினாள். அதற்குமேல் தண்ணீர் குடிக்கவில்லை.

ஞாயிறு எண்பத்திரண்டு புள்ளி ஒன்பது. தம்பி நோட்டைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். ஒரு ஜோக்கும் வரவில்லை. "நல்லது" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்தபடி போய்விட்டான். திங்கள் எண்பத்திரண்டு புள்ளி இரண்டு. அன்று மாத்திரை மூன்று. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. ஆலையில் கெண்டைக்கால் நரம்பு சுருட்டி இழுக்க, பெல்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டியது. வானொலி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வேண்டாமென்று தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் எண்பத்தொன்று புள்ளி ஆறு.

மாற்று அறுவைக்கு வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ளும் அம்மாளுக்குத் தம்பி வைத்த பெயர் ஃபைல் மேடம். கையில் ஃபைல் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அந்த ஃபைலையே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் கை தட்டினார்.

"சாதிச்சிட்டீங்க! பிளட் குடுத்துட்டு உக்காருங்க, மதியம் ஸ்கேன்."

ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு நரம்பு சிக்கவில்லை. மூன்று இடத்தில் குத்தினாள். "தண்ணி குடிக்கிறதே இல்லையாக்கா?" என்று கடிந்துகொண்டாள். தம்பி மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அப்படிச் செய்ததில்லை.

"அண்ணி, நான் உங்கள என்னென்னமோ நெனச்சிருக்கேன். மனசுல வச்சுக்காதீங்க."

"நானும்தான் நெனச்சிருக்கேன். விடு."

ஒரு மணிக்கு ஃபைல் மேடம் வந்து அவளை மட்டும் கூப்பிட்டார். சின்ன அறை. கதவைச் சாத்தினார்.

"ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"இல்லையே."

"உங்க கிட்னி போன மாசம் நல்லா இருந்துச்சு. இன்னிக்கு ஒரு எண் ஒண்ணரை மடங்கு ஏறியிருக்கு. உப்பெல்லாம் தாறுமாறா இருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் மேசை விளிம்பைப் பார்த்தாள். அதில் பிளாஸ்டிக் உரிந்து கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. விரல் தானாகப் போய் அதைப் பெயர்த்தது.

"அவனோடதுதான். நீர் மாத்திரை. மூணு நாள்."

ஃபைல் மேடம் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஃபைலைத் திறந்தார், மூடினார்.

"கொழுப்பு குறைஞ்சுதான்னு பாக்கத்தான் எடை கேட்டோம். நீங்க தண்ணிய எடுத்துக் காட்டியிருக்கீங்க. கிட்னி இப்படி இருக்கறப்ப யாரும் கத்தி வைக்கமாட்டாங்க."

"ஸ்கேன் மட்டும் எடுத்துடுங்க மேடம். கொழுப்பு போயிருக்கும். பதினொரு கிலோ குறைச்சிருக்கேன்."

"ஒம்பது கிலோ குறைச்சிருக்கீங்க. மீதி தண்ணி."

பெயர்த்த பிளாஸ்டிக்கை அவள் விரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தாள்.

"இன்னிலேர்ந்து தினம் மூணு லிட்டர் குடிங்க. ஒழுங்கா சாப்பிடுங்க. அடுத்த செவ்வாய் வாங்க. கிட்னி பழையபடி இருக்கணும், எடை எண்பத்திரண்டுக்குக் கீழ இருக்கணும்."

"தண்ணி குடிச்சா ஏறிடுமே."

"ஏறும்." அவர் எழுந்தார். "இதை நான் எழுதித்தான் ஆகணும். தானத்துக்கு அனுமதி குடுக்கற கமிட்டி பாக்கும். மறைச்சாங்கன்னு கேட்டா என்ன முடிவு பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது. என்னால முடிஞ்சத சொல்றேன்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தம்பி மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள். "நாலு நாள் பொறுத்திருந்தா என்ன அண்ணி?" நாலு நாள் பொறுத்தும் இறங்கியிருக்காது என்பது இருவருக்கும் தெரியும். தம்பி மனைவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்கவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

தம்பி சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். வெயில் சாய்ந்து அவன் வயிற்றின் மேல் விழுந்திருந்தது. அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"சொன்னாளா?"

"போன்ல சொன்னா."

"திட்டுடா. எதுவா இருந்தாலும் திட்டிடு."

அவன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் பாத்தேன்க்கா."

"எதை?"

"சனிக்கிழமை. நீ டப்பாவ எடுத்தத. தூக்கம் வரல, இங்க கதவுக்கிட்டதான் நின்னுட்டிருந்தேன்."

வெளியே யாரோ வண்டியைத் திரும்பத் திரும்ப உதைத்தார்கள், அது கிளம்பவில்லை.

"அப்ப ஏண்டா மூச்சு விடல?"

"சொல்லணும்னுதான் வந்தேன். அப்புறம்…" அவன் நிறுத்தினான். "எறங்கட்டுமேன்னு தோணிச்சு. எப்படியாவது எறங்கட்டுமேன்னு. உன்னப் பத்தி நெனைக்கவே இல்லக்கா. ஒரு நிமிஷம்கூட நெனைக்கல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அறைய வேண்டும் போலிருந்தது. அந்தத் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் கை எழவில்லை.

அவன்தான் எழுந்தான். மேசையைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, குடத்தருகே போனான். பெரிய சொம்பு நிறையத் தண்ணீரும் ஒரு டம்ளரும் கொண்டுவந்து வைத்தான். மேசையின் அந்த ஓரத்தில் அவனுடைய பாட்டில் இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் அவனுக்கு. மார்க்கரால் மணிவாரியாகக் கோடு போட்டிருந்தது. இன்றையது மூன்றாவது கோட்டுக்குக் கீழே போய்விட்டது. ராத்திரிவரை அதுதான். அவன் அதைத் தொடவில்லை. சொம்பை இரண்டு கையாலும் தூக்கி, நடுங்காமல் டம்ளரில் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினான்.

"குடி. மூணு லிட்டர்னா இப்பவே ஆரம்பிச்சாத்தான் ஆகும்."

அவள் எடுத்தாள். குடத்துத் தண்ணீர். மூன்று நாளாகக் காய்ந்த தொண்டையில் அது கத்தி போல இறங்கியது. முதல் டம்ளர் முடிந்ததும் அவன் மறுபடி நிரப்பினான். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது அவனுக்கு. டம்ளருக்கு மேலாக அவனைப் பார்த்தாள். அவன் கண்ணை எடுக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அவன் தொண்டையும் ஏறி இறங்கியது.