பீரங்கிக்கு ஒரு பீங்கான்

கொளஞ்சிநாதன் லீவில் வந்திறங்கிய அன்று மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவியதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை விருத்தாம்பாளிடம் நீட்டினான். கைக்குட்டையில் நாலு மடிப்பாகச் சுற்றியிருந்தது. கடற்கரை ஊரிலிருந்து வருகிறவர், முத்தோ பவளமோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பிரித்தாள். உள்ளே இருந்தது ஓர் உடைந்த பீங்கான் துண்டு. கட்டைவிரல் பருமன். நடுவில் ஓட்டை. ஒரு பக்கம் கரி பிடித்து வாய் பிளந்திருந்தது.

"விசாகப்பட்டினத்துலேருந்து இதைத்தான் தூக்கிட்டு வந்தீங்களா? பொழுதன்னைக்கும் இதோடதான் நான் மாரடிக்கிறேன்."

அது உண்மை. விருத்தாசலம் தொழிற்பேட்டையில், கலியமூர்த்தியின் செராமிக் கம்பெனியில் அவள் ஆறு வருஷமாகக் கைப்பிரஸ்ஸில் பீங்கான் மண்ணை ஃபியூஸ் கட்டையாக அழுத்துகிறவள். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகிறது. புருஷன் கடற்படையில், கப்பலில். வருஷத்துக்கு ஒருதரம் வருவான், போவான்.

வாய் கோபித்தாலும் கை சும்மா இருக்கவில்லை. துண்டைத் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் சுண்டிப் பார்த்தாள். உடைந்த விளிம்பை நுனிநாக்கில் வைத்தாள். சரியாக வேகாத பீங்கான் என்றால் நாக்கில் ஒட்டும். இது ஒட்டவில்லை.

"நல்லா வெந்த சரக்கு. யாரு செஞ்சது?"

"ரஷ்யாக்காரன்."

"அவனையே இன்னொண்ணு கேக்க வேண்டியதுதான?"

"எட்டு மாசமாக் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. அந்த நாடுதான் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் துண்டு துண்டாப் போயிடுச்சே. இதைச் செஞ்ச ஃபேக்டரி எந்தத் துண்டுல இருக்குதுன்னு யாருக்கும் தெரியல."

கப்பலில் பீரங்கிப் பிரிவில் மின்சார வேலை என்பதற்கு மேல் அவள் அவனிடம் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. அன்றுதான் முழுதாகச் சொன்னான். ஆறு குழாய்களைக் கட்டாகக் கட்டிய மாதிரி ஒரு பீரங்கி. அதற்கென்று தனியாக ஒரு ரேடார். எதிரி ஏவுகணை தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து வரும். தொடுவானத்தில் கண்ணில் பட்டதிலிருந்து கப்பலில் வந்து அடிக்க அரை நிமிஷம்கூட ஆகாது.

"அதுக்குள்ள ஒருத்தன் பாத்து, சத்தம் போட்டு, இன்னொருத்தன் பீரங்கியத் திருப்பி, குறி வெச்சி... ஒண்ணும் நடக்காது. அதனால அதுவே பாக்கும், அதுவே திரும்பும், அதுவே சுடும். நிமிஷத்துக்கு அஞ்சாயிரம் குண்டு வேகத்துல."

"எல்லாத்தையும் அதுவே செஞ்சிடுச்சின்னா உங்களுக்கு என்னாங்க வேலை?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"அதுக்குக் கண்ணு போயிடாமப் பாத்துக்கிறதுதான் என் வேலை. எட்டு மாசமாக் கண்ணு தெரியாமத்தான் நிக்குது."

ரேடார் பெட்டிக்குள் பெரிய வோல்ட்டேஜ் கம்பி ஒன்று இந்தப் பீங்கான் ஓட்டை வழியாகத்தான் போகிறது. பீங்கானில் கீறல் விழுந்ததும் கம்பியிலிருந்து பெட்டியின் இரும்புக்குப் பொறி தாவிவிடுகிறது. ரேடார் அணைந்துவிடுகிறது. கடையில் வாங்கிய வேறு பீங்கானைச் செதுக்கி மாட்டிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் வெடித்துவிட்டது. இப்போது சண்டை ஒன்றும் இல்லை, அவனை யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவும் இல்லை. ஆனாலும் கப்பல் கரையை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் அவன் போய் அந்தப் பீரங்கி பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவானாம். இருநூற்றுச் சொச்சம் பேர் அந்தக் கப்பலில். அவனுடைய அதிகாரிதான், "உங்க ஊரு பீங்கான் ஊருன்னு பீத்திக்குவியே, லீவுல போய் முயற்சி பண்ணிப் பாரு" என்று துண்டைக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

விருத்தாம்பாள் அவன் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை இளைத்துப்போய் வந்திருக்கிறாரே, கப்பல் சாப்பாடு சரியில்லையோ என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்.

"லீவு எத்தினி நாளு?"

"நாப்பத்தஞ்சு."

"எங்க சூளை எட்டு நாளைக்கு ஒருதரம்தான் எரியும். நாளைக்குக் காலைல என்னோட கம்பெனிக்கு வாங்க."

முதலாளி கலியமூர்த்தி முதலில் தயங்கினார். நேவி என்றதும் எழுந்து நின்று கொளஞ்சிநாதனுக்கு நாற்காலி போட்டார். பிறகு பீங்கானைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நம்ம செய்யிறது ஃபியூஸ் கட்டைங்க. இது பெரிய இடத்து சமாச்சாரம். ஏதாவது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா?"

"கப்பல்ல மாட்டப்போறது அவருதாங்க. நம்ம மேல யாரு வரப்போறா?" என்றாள் விருத்தாம்பாள்.

மூலையில் கிடந்த பழைய பிரஸ்ஸையும், சூளையில் ஒரு தட்டு இடத்தையும் கொடுத்தார். அவளுடைய தினப்படி வேலை குறையக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

அச்சு கடைவதற்கு மாதா கோயில் தெருவில் பிலோமின்ராஜின் லேத் பட்டறைக்குப் போனார்கள். அங்கேதான் புருஷன் பெண்டாட்டிக்குள் முதல் சண்டை வந்தது. கொளஞ்சிநாதன் காலிப்பர் வைத்து மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை அளந்து வைத்திருந்தான். மண் காய்ந்து வெந்தால் சுருங்கும் என்று அவள் சொன்னதும், எவ்வளவு என்று கேட்டான். நூற்றுக்குப் பன்னிரண்டு என்றாள். உடனே நோட்டை எடுத்து எல்லா அளவையும் அதே கணக்கில் பெரிதாக்கி எழுதினான்.

"அப்பிடி இல்லீங்க. அகலத்துல சுருங்குற மாதிரி உசரத்துல சுருங்காது. மேலேருந்து அழுத்துறோம் இல்ல, உசரத்துல இன்னும் கொஞ்சம் சேத்துச் சுருங்கும்."

"எவ்வளவு சேத்து?"

"அது கைக்குத் தெரியும். நம்பரு தெரியாது."

"கைக்குத் தெரிஞ்சதை எப்பிடி அச்சுல வெட்டுறது? நம்பரு இருந்தா சொல்லு."

பிலோமின்ராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் எதை வெட்டட்டும்?" என்றார். பட்டறையில் நாலு பேர் முன்னால் புருஷனை மறுத்துப் பேச விருத்தாம்பாளுக்கு மனசு வரவில்லை. அவன் நோட்டில் இருந்தபடியே அச்சு ஆனது.

முதல் சூளையில் முப்பது துண்டு வெந்து வந்தது. அகலம் அச்சு அசலாக இருந்தது. உயரம் ஒரு அரிசியின் கனம் குறைவு. கொளஞ்சிநாதன் காலிப்பரைத் துடைத்துத் துடைத்து மூன்று தரம் அளந்தான். அப்புறம் அதைப் பையில் போட்டுக்கொண்டு, "நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சி. உன் கை என்னா சொல்லுது, அதையே வெட்டச் சொல்லலாம்" என்றான். அவள் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் வேகாத துண்டையும் வெந்த துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்த்தாள். அப்புறம் ஈர்க்குச்சியை ஒடித்து அளவு காட்டினாள். அந்தக் குச்சியை அவன் அளந்து நம்பராக்கிக்கொண்டான்.

இரண்டாவது அச்சில் அளவு சரியாக வந்தது. ஆனால் சிவப்பு மையில் ஊறப்போட்டுத் துடைத்தபோது ஓட்டையைச் சுற்றி மயிரிழை மாதிரி சிவப்புக் கோடுகள் தெரிந்தன. எல்லாத் துண்டிலும். கண்ணுக்குத் தெரியாத கீறலில் மை இறங்கியிருந்தது. லீவில் பாதிக்கு மேல் போய்விட்டது. கொளஞ்சிநாதன் வீட்டுக்கு வந்து பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டான்.

"வுட்டுடலாம். நீயும் எத்தினி நாளு ரெட்டை வேலை செய்வே?"

"கொஞ்சம் இருங்க" என்றாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. கை இரண்டும் காற்றில் பிரஸ்ஸை இயக்கிக்கொண்டிருந்தன. மண்ணைப் போடு, கைப்பிடியைச் சுற்று, மேல் அச்சு இறங்கும், மேலே தூக்கு, ஊசி வெளியே வரும். ஓட்டைக்காக நடுவில் நிற்கிற இரும்பு ஊசி. அது மேலே வரும்போது மண்ணையும் கொஞ்சம் கூட இழுக்கிறது. ஃபியூஸ் கட்டையில் ஓட்டை குட்டையானது, அதனால் தெரியவில்லை. இதில் ஓட்டை நீளம்.

"ஊசிய இழுக்கக்கூடாதுங்க. திருகி எடுக்கணும்" என்றாள்.

மறுநாளே பிலோமின்ராஜ் ஊசியைக் கழற்றி, நுனி கொஞ்சம் மெலியும்படி கடைந்து, கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கி, தலையில் ஒரு சின்னத் திருகுபிடி வைத்துக் கொடுத்தார். இப்போது ஒரு துண்டுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் பிரஸ்ஸின் கனத்த கையைப் பிடித்துச் சுற்ற வேண்டும், ஒருத்தர் மண் போட்டு ஊசியைத் திருகி எடுக்க வேண்டும். கொளஞ்சிநாதன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பிரஸ்ஸின் கையைப் பிடித்தான்.

"மெதுவா. இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க. நிறுத்துங்கன்னு சொன்னேன்ல?"

ஆறு வருஷ வேலையில் அவள் யாரையும் இப்படி அதட்டியதில்லை. பக்கத்தில் பளபளப்புப் பூச்சு போட்டுக்கொண்டிருந்த உபகாரமேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நேவிக்காரரே, எங்க அக்காகிட்ட பாத்து நடந்துக்குங்க. எங்களுக்கே பயமா இருக்குது."

"எங்க ஆபீசரே தேவலாம்மா" என்றான் அவன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் அவன் கை அவள் சொன்ன இடத்தில் நின்றது. மூன்றாம் நாளுக்குள் அவள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. அவள் தாடை அசைந்தால் சுற்றுவான், கண் நிமிர்ந்தால் நிறுத்துவான். இத்தனை நாள் ஒன்றாக ஒரு வேலை செய்ததே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் லீவில் வந்தால் விருந்தாளி மாதிரி வைத்துச் சோறு போட்டு அனுப்பியிருக்கிறாள். இப்படித் தோளில் வியர்வை வழிய, மண் அப்பிய கையோடு பக்கத்தில் நிற்கும்போது அவன் இன்னும் நெருக்கமாகத் தெரிந்தான்.

அழுத்திய துண்டுகளை வெயிலில் காட்டாமல் ஈரச் சாக்கு மூடி நாலு நாள் நிழலில் உலர்த்தினாள். அவன் கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது சூளையைப் பிரித்தார்கள். அறுபதில் நாற்பத்து மூன்று தேறியது. மையில் ஊறவைத்துத் துடைத்ததும் வெள்ளை வெளேரென்று இருந்தன. உயரம் சரி, அகலம் சரி. ஒவ்வொன்றையும் சுண்டிச் சத்தம் கேட்டுப் பார்த்துத்தான் அவள் பஞ்சில் வைத்துக் கட்டினாள். கலியமூர்த்தியே வந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "நம்ம சூளையிலயா வெந்துது?" என்று கேட்டார்.

அவன் போய்ப் பதினெட்டு நாள் ஒரு தகவலும் இல்லை. அடுத்த நாள் கம்பெனிக்கு டிரங்க் கால் வந்தது. கலியமூர்த்தி பிரஸ் கொட்டகை வரைக்கும் ஓடி வந்து கூப்பிட்டார். ஃபோனில் இரைச்சலாக இருந்தது.

"மாட்டி ஆறு நாளா ஓடுது. பொறி கிளம்பவே இல்ல. நேத்து கடலுக்குக் கொண்டுபோய் சுட்டுப் பாத்தாங்க. விமானத்துக்குப் பின்னாடி கயித்துல ஒரு குறி இழுத்துட்டு வந்தாங்க. அதுவே பாத்துது, அதுவே திரும்புச்சி. குறி தூள்தூளாப் போயிடுச்சி தேவி!"

சந்தோஷம் வந்தால் அவன் அவளைத் தேவி என்றுதான் கூப்பிடுவான். அவள், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இந்த மாதிரி நேரத்தில் கேட்கிற கேள்வியா அது என்று கலியமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த தையில், குடும்பத்தாரைக் கப்பலில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப் போய் வரும் நாள் ஒன்று வந்தது. விருத்தாம்பாள் மெட்ராஸ் போய் அங்கிருந்து ரயில் மாறி விசாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தாள். பீரங்கி அவள் நினைத்ததைவிடச் சின்னது. வெந்நீர் அண்டாவைக் கவிழ்த்து வைத்து அதிலிருந்து மூக்கு நீட்டினாற்போல் இருந்தது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பீரங்கி சட்டென்று தலையைத் திருப்பியது. யாரும் அதைத் தொடவில்லை. புதுத் துணியை ஒரே இழுப்பில் கிழித்த மாதிரி ஒரு சத்தம். அவள் கடல் பக்கம் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. தூரத்தில் தண்ணீர்தான் வெள்ளையாக எழும்பி அடங்கியது.

பயம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. பக்கத்தில் நின்ற கொளஞ்சிநாதன் பீரங்கியைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் உப்பி, பழையபடி ஆகியிருந்தான்.

அவனுடைய அதிகாரி வந்து கைகூப்பினார். தமிழர்தான், தஞ்சாவூர்ப் பக்கம். மற்றக் கப்பல்களுக்கும் வேண்டும், உங்கள் கம்பெனிக்குக் கடிதம் எழுதப்போகிறோம் என்றார். இன்னும் நாலு வகைப் பீங்கான் இருக்கிறது, படம் போட்டு அனுப்பினால் செய்ய முடியுமா என்று கேட்டார்.

"படம் மட்டும் பத்தாதுங்க. உடைஞ்ச துண்டு ஒண்ணும் கூட அனுப்புங்க. தொட்டுப் பாக்கணும்" என்றாள் விருத்தாம்பாள். அவர் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் கப்பல் கரைக்குத் திரும்பியது. இறங்கி நாலடி வைத்ததும் அவள் நின்றுவிட்டாள்.

"என்னாங்க, தரை ஆடுது?"

"மொதநாளு அப்பிடித்தான் இருக்கும். கையப் புடிச்சிக்க."

அத்தனை பேர் பார்க்க அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் விடவில்லை.