முப்பத்தோராம் வரி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் எட்டாவதோடு நின்றவள். கம்பைலரைப் பற்றிப் படித்தவர்கள் சொன்னால் வேறு மாதிரி இருக்கும். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

ஓசூரில் எங்கள் காலனியில் எல்லாச் சமையலறையிலும் ஒரு கம்பைலர் உண்டு. எங்கள் வீட்டில் அது கிரைண்டருக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில் இருக்கிறது. விடியற்காலையில் வீட்டுப் பெண்கள் அன்றைய நாளைக் கோடு போட்ட தாளில் வரிவரியாக எழுதி அதில் செருக வேண்டும். தப்பிருந்தால் துண்டுச் சீட்டில் அச்சடித்து வெளியே தள்ளும். தப்பில்லை என்றால் நாள் தொடங்கும். அதுவரை குழாயில் தண்ணீர் வராது, பாலும் பொங்காது.

தினமும் யாரும் புதிதாக எழுதுவதில்லை. நேற்றைய தாளைப் பார்த்து எழுதிக்கொண்டு, குழம்பை மட்டும் மாற்றுவோம். என் வீட்டுக்காரருக்கு இரண்டே வரி. ஷிப்டுக்குப் போனார், ஷிப்டிலிருந்து வந்தார்.

அப்படிப் பார்த்து எழுதியதில் ஒரு வரி தங்கிவிட்டது. முப்பத்தோராம் வரி: 'நாலு மணிக்குப் பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வருகிறாள்.' என் மகள் சுகிர்தா மூன்றாவது படித்தபோது எழுதியது. இப்போது அவளுக்கு இருபத்தாறு வயது, கம்பெனியில் வேலை. கம்பைலர் தினமும் ஒரு சீட்டுத் தரும்: 'எச்சரிக்கை. வரி 31. பாப்பா வளர்ந்துவிட்டாள். பரவாயில்லையா?' நான் பச்சைப் பொத்தானை அழுத்துவேன். முதல் சில மாதங்கள் மறதியில் அழுத்தினேன். அப்புறம் மறதியில் இல்லை.

அதனால் பதினெட்டு வருஷமாக நாலு மணிக்குப் பாப்பா வருகிறாள். நீலப் பாவாடை, ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்திருக்கும். டிபன் டப்பாவில் பாதி எலுமிச்சைச் சாதம் மிச்சமிருக்கும். "அம்மா, இன்னிக்கு ரோசலின் மிஸ் வரல" என்பாள். இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டு வகுத்தல் கணக்குப் போடுவாள். எண்பத்துநாலை ஏழால் வகுத்தால் பதினொன்று என்பாள். நான் பன்னிரண்டு என்று திருத்துவேன். பெரியவளான சுகிர்தா ஆறாவது போனதிலிருந்தே என்னிடம் கணக்குக் கேட்டதில்லை. ஐந்து மணிக்குப் பாப்பா விளையாடப் போவாள். மறுநாள் நாலு மணிக்குத்தான் மறுபடி வருவாள்.

சனிக்கிழமைகளில் இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பார்கள்.

"ஏய், ரிமோட்டக் குடு."

"போக்கா, நான்தான் மொதல்ல எடுத்தேன்."

"அம்மா, இவ என்னம்மா இவ்ளோ வாய் பேசறா?"

"நீ பேசாததா?" என்பேன்.

எங்கள் கம்பைலர் பழையது, நாலாம் பதிப்பு. ஐந்து மணிக்குத் தாளைச் செருகினால் படித்து முடிக்க ஏழே கால் ஆகும். சுகிர்தாவின் கம்பெனி பஸ் காலனி வாசலில் ஆறு ஐம்பதுக்கு நிற்கும். பஸ்காரர் வீட்டில் புதிய கம்பைலர், அவருக்கு நாள் முன்னாலேயே தொடங்கிவிடும். சுகிர்தாவுக்கு இரண்டு முறை மெமோ வந்தது.

ஒருநாள் அவள் ஐந்தாம் பதிப்பைக் கொண்டுவந்தாள். இன்னும் வெளிவராத பதிப்பு, பீட்டா என்று பெயர். கையடக்கமாக, சோப்பு டப்பா அளவில் இருந்தது.

"இருபது நிமிஷத்துல நாள் ஆரம்பிச்சிடும்மா."

"வெளியே வராததை எதுக்குடி நம்ம வீட்ல போடணும்? வரட்டும், நாலு பேர் போடட்டும், பாக்கலாம்."

"அது வர்றதுக்குள்ள என் வேலை போயிடும். இல்லேன்னா சொல்லிடு, நான் பெங்களூர்ல ஹாஸ்டல் பாத்துக்கறேன்."

எதிர்வீட்டு ஹெலன் அக்கா ஒரு வாரம் முன்பே பீட்டா போட்டிருந்தார்கள். போய் விசாரித்தேன்.

"வேகம்னா வேகம், சற்குணம். ஒண்ணே ஒண்ணு, உபயோகமில்லாத வரிய அதுவே எடுத்துடும். எங்க மச்சினரு பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருப்பாருல்ல? அவரக் காணோம்."

"ஐயோ. எப்பக்கா?"

"ரெண்டு நாள் கழிச்சுத்தான் கவனிச்சோம். பால் வாங்கறது அவர் வேலைன்னு எழுதினேன். மறுநாளே பாக்கெட்டோட வந்து நின்னாரு. இப்ப முன்னவிடச் சுறுசுறுப்பு."

வீட்டுக்கு வந்து முப்பத்தோராம் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பாப்பா வருகிறாள், தின்கிறாள், தப்பாகக் கணக்குப் போடுகிறாள், போகிறாள். எந்த வேலையும் அவளை நம்பி இல்லை. பீட்டா போட்டால் சின்னவள் போய்விடுவாள். போடாவிட்டால் பெரியவள் போய்விடுவாள். மூன்று நாள் பீட்டாவைத் தொடாமலே வைத்திருந்தேன்.

பீட்டாவை ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றலாம் என்று சுகிர்தா சொன்னாள். போட்டோம். ஐந்து இருபதுக்கு நாள் தொடங்கியது. சுகிர்தா தலையைப் பின்னி, இட்லி சாப்பிட்டு, நிதானமாக பஸ்ஸுக்குப் போனாள். அவள் நிதானமாகப் போய் நான் பார்த்ததே இல்லை. நாலு மணிக்குத் தட்டில் இரண்டு பிஸ்கட் வைத்துக்கொண்டு கதவருகே நின்றேன். நாலு வந்தது, நாலே கால் வந்தது. தெருவில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் பையோடு போனார்கள். ஐந்து மணிவரை நின்றேன்.

சுகிர்தா வந்து தட்டைப் பார்த்தாள்.

"வரலையா?"

"வரல."

கைப்பையைக்கூட வைக்காமல், "எனக்கும் அவ இல்லாம ஒரு மாதிரிதாம்மா இருக்கு. ரிமோட் யார் கேட்டாலும் குடுத்துடலாம் போல இருக்கு" என்றாள். பிறகு கோடு போட்ட தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "கழட்ட வேணாம்மா. ஹெலன் ஆன்ட்டி மாதிரி இவளுக்கும் ஒரு வேலை குடு."

துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவது பாப்பாவின் வேலை என்று எழுதினேன். விடிந்ததும் சீட்டு வந்தது: 'இன்று மழை. துளசிக்குத் தண்ணீர் தேவையில்லை. வரி நீக்கப்பட்டது.' மறுநாள் கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வருவாள் என்று எழுதினேன். 'கொத்தமல்லி வீட்டில் இருக்கிறது' என்றது. பார்த்தேன், இருந்தது.

எடுத்தால் வீடே நின்றுபோகிற மாதிரி ஒரு வேலை வேண்டும் என்று புரிந்தது. மூன்றாவது படிக்கிற பிள்ளையிடம் அப்படி எதைக் கொடுப்பது? சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்: 'நாலு மணிக்குப் பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து, கணக்குப் போட்டு, டாட்டா காட்டிய பிறகே சுகிர்தா ஆறு ஐம்பது பஸ்ஸில் ஏறுவாள்.'

எழுதிய பிறகு பயம் வந்தது. பாப்பா வரவில்லை என்றால் பெரியவள் வேலையும் போகும். சுகிர்தாவிடம் காட்டினேன். அவள் இரண்டு முறை படித்துவிட்டு, "பரவால்ல, போடும்மா" என்றாள்.

கம்பைலர் ஒரு குக்கர் விசில் நேரம் யோசித்தது. சீட்டு எதுவும் வரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முதலில் சாயங்காலம் நாலு மணி வருகிறது. பாப்பா வருகிறாள். கணக்குப் போட்டு முடித்ததும் வாசலில் நின்று டாட்டா காட்டுகிறாள். அதற்கப்புறம் காலை ஆறரை ஆகிறது. சுகிர்தா பஸ்ஸுக்குப் போகிறாள். இதுவரை ஒரு நாளும் தவறவில்லை.

நாலு மணி காலைக்கு முன்னால் போய்விட்டதால், மத்தியானத்துக்குப் பிறகு அது இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது. நல்ல இடம். வெயில் விழுகிறது, காக்கை வருவதில்லை. ஒரு பக்கம் மிளகாய் காயப்போட்டிருக்கிறேன். மறுபக்கத்தை ஹெலன் அக்கா வடகத்துக்குக் கேட்டார்கள், கொடுத்திருக்கிறேன்.