மழை அண்ணை

மாக்கஸ் தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டும்வரைக்கும் அட்சயா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். தன்னைப் பற்றி அவனுக்கு ஒன்றும் அகப்படாது என்ற துணிவுச் சிரிப்பு அது.

ஸ்காபரோவில் இருக்கும் அந்தச் சமூகக் கல்லூரியில், இணையப் பாதுகாப்புப் படிப்பில், இருவருக்கும் இது இரண்டாம் வருடம். அன்றைய பயிற்சி கேட்பதற்குச் சுலபமானது. கடவுச்சொல்லை மறந்துவிட்டால் சில நிறுவனங்கள் நம்மிடம் கேள்வி கேட்கும் அல்லவா? அம்மாவின் கலியாணத்துக்கு முந்திய குடும்பப் பெயர் என்ன, அப்பா பிறந்த ஊர் எது என்றெல்லாம். பக்கத்தில் இருப்பவரின் முழுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்கக்கூடிய இடங்களில் மட்டும் தேடி, அந்தக் கேள்விகளுக்கு விடை எடுக்க வேண்டும். ஆசிரியை கரோலின் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்ட பிறகுதான் தொடங்கிவைத்தார்.

அட்சயா இந்தப் படிப்புக்கு வந்த முதல் மாதமே தன்னுடைய பக்கங்களை எல்லாம் இழுத்து மூடியவள். இணையத்தில் அவளுடைய படமும் இல்லை, பிறந்தநாளும் இல்லை. மாக்கஸோ ஜமேக்காக் குடும்பத்துப் பிள்ளை. தமிழில் அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் கொத்துரொட்டி. இவன் எங்கே கண்டுபிடிக்கப் போகிறான்?

திரையில் அப்பா இருந்தார். சுற்றிவரப் பூ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே 'மரண அறிவித்தல்'. போன மாதம் அட்சயாவே உட்கார்ந்து தட்டிய அறிவித்தல்.

"உன் பேரைத் தேடினால் ஒண்டும் வரேல்லை," என்றான் மாக்கஸ் தன்னுடைய ஆங்கிலத்தில். "பேரின்ர பின்பாதியை மட்டும் தேடினன். முதலாவதா இதுதான் வந்தது."

அவள் அட்சயா அன்புராசா. கனடாவில் பின்பாதி என்றால் குடும்பப் பெயர். தமிழருக்கோ அது அப்பாவின் சொந்தப் பெயர். அதே கணக்கில் அம்மாவின் கலியாணத்துக்கு முந்திய பெயர் என்பது அம்மாவின் தகப்பனுடைய பெயர். வெள்ளைக்காரருக்கு அது வீட்டுக்குள் இருக்கும் இரகசியம். தமிழரோ யாராவது கண்மூடினால் அதை அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள்.

"வேலணையைப் பிறப்பிடமாகவும், ரொறன்ரோவை வதிவிடமாகவும்..." மாக்கஸின் கைபேசி மொழிபெயர்த்ததை அவன் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனான். நவரட்ணம் தம்பதிகளின் அன்பு மருமகன். இராஜேஸ்வரியின் பாசமிகு கணவர். அட்சயாவின் அருமைத் தந்தை. பிறகு சகோதரங்கள், அவர்கள் இருக்கும் இடங்கள், மச்சான்மார், பெறாமக்கள். கடைசியில், தொடர்புக்கு அம்மாவின் கைபேசி எண்.

"உங்கட சனம் இதை இரங்கல் எண்டு போடுது. திருடனுக்கு இது எல்லாப் பூட்டுக்கும் திறப்புக்கோர்வை," என்றான். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தான். "மன்னிச்சுக்கொள். அப்பா போய் ஒரு மாதமும் ஆகேல்லையே. ஒரு இடம்தான் எனக்கு விளங்கேல்லை. பேருக்குப் பக்கத்திலை அடைப்புக்குறிக்குள்ளை மழை எண்டு கிடக்கு. உன்ர அப்பாவை மழை எண்டோ கூப்பிடுறவை?"

அட்சயாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "மழை இல்லை, மலை. அப்பா அவ்வளவு உயரம், அவ்வளவு அகலம். அது என்ர பிழை."

பிழை நடந்த விதம் இதுதான். ரொறன்ரோவில் வளர்ந்த பிள்ளைகள் தமிழைத் தமிழ் எழுத்தால் தட்டுவதில்லை. ஆங்கில எழுத்தால் ஒலியைத் தட்டுவார்கள், கைபேசி தமிழாக்கித் தரும். அப்படித் தட்டும்போது மலைக்கும் மழைக்கும் மாலைக்கும் கைபேசிக்கு ஒரே எழுத்துக்கள்தான். எது வேண்டும் என்று மூன்றையும் வரிசையாகக் காட்டும். அழுத கண்ணோடு அவள் முதலாவதைத் தொட்டுவிட்டாள். கவனித்தபோது அறிவித்தல் லண்டன், பாரிஸ் வரை போய்விட்டது. செத்த வீட்டில் அப்பாவின் கடைசித் தங்கை குணவதி மாமி, "உயிரோடை இருக்கேக்கை மலை, போனாப்பிறகு மழையோ?" என்று கேட்டு, சிரித்து, அந்தச் சிரிப்போடேயே விம்மினாள். அம்மா சிரிக்கவில்லை. "அந்த மனுசனை அவரின்ர பேர் சொல்லிக்கூட அனுப்பேல்லை," என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த கரோலின், "முந்தி வரைபடம் செய்தவர்களில் சிலர், இல்லாத ஒரு தெருவை வேண்டுமென்றே கீறி வைப்பார்களாம்," என்றார். "வேறொருவருடைய படத்தில் அந்தத் தெரு இருந்தால், அவர் ஊரைச் சுற்றிப் பார்த்துக் கீறவில்லை, அந்தப் படத்தைக் கொப்பியடித்தார் என்று தெரிந்துவிடும். உன்னுடைய பிழையும் அந்த மாதிரி ஒரு தெருதான்."

அட்சயாவின் காதில் அது பாதிதான் விழுந்தது. அவள் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஒருவரை நம்ப அம்மா என்ன செய்வாள்? அடையாள அட்டை கேட்பாளா? இல்லை. "நீர் ஆற்றை பிள்ளை?" என்று கேட்பாள். யாருடைய பிள்ளை, எந்த ஊர், தாய் வழியா தகப்பன் வழியா? இந்த மூன்றுக்கும் ஒருவர் சரியாகப் பதில் சொன்னால் அவருக்குத் தேத்தண்ணி, பிறகு சாப்பாடு. அம்மாவின் பாதுகாப்பு முறை அதுதான். ஊர் முழுவதும் ஒருவரையொருவர் தெரிந்திருந்த இடத்தில் அது நல்ல முறையும்கூட. அந்தக் கேள்விகளுக்கான விடைகளையும் அம்மாவின் கைபேசி எண்ணையும் ஒரே பக்கத்தில் எழுதி உலகத்துக்கு அனுப்பியது யார்?

வகுப்பு முடிந்ததும் அம்மாவுக்கு எடுத்தாள். லைன் பிசி. மல்வேர்ன் பஸ்ஸுக்குள் ஏறி நின்றபடி மறுபடியும் எடுத்தாள். பிசி. செத்த வீட்டுக்குப் பிறகு அம்மாவின் ஃபோன் ஓய்வதே இல்லைதான். ஆனாலும் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவள் வீட்டுக்கு ஓடினாள்.

கதவைத் திறக்கும்போதே சமையலறையிலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில், இத்தனை நாளில் காணாத ஒரு வெளிச்சம்.

"அட்சயா, வா, வா. அப்பாவின்ர சின்னம்மாவின்ர மகனாம், ரெக்ஸ்டேலிலை இருக்கிறாராம். இவ்வளவு நாளும் எங்களுக்குத் தெரியாமல் போச்சுது!"

"பிள்ளை வந்திட்டாவோ?" என்றது குரல். கனிவான, களைத்த, அச்சொட்டான யாழ்ப்பாணத்துக் குரல். "அண்ணி, நான் ஒருத்தரையும் மறக்கேல்லை. குணவதி அக்கா வோபர்னிலை, பெரியண்ணை லண்டனிலை, நடுவிலார் பாரிசிலை..."

அட்சயா புத்தகப் பையைக் கழற்றாமல் அப்படியே நின்றாள். நம் ஆட்கள் சகோதரங்களைச் சொல்வது மூத்தவரில் தொடங்கித்தான். கடைசித் தங்கையை முன்னுக்கு வைத்துச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அறிவித்தலில் மட்டும் குணவதி மாமி முதலாவதாக இருந்தாள், அன்றைக்கு முதலில் ஃபோன் எடுத்தவள் மாமி என்பதற்காக. இந்த மனிதர் ஞாபகத்திலிருந்து பேசவில்லை. வாசிக்கிறார்.

"முப்பத்தொண்டாம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறம் அண்ணி. ஊர்ச் சங்கத்தின்ர குறூப்பிலை உங்களையும் சேர்க்கவேணும். உங்கட ஃபோனுக்கு இப்ப ஆறு இலக்கம் வந்திருக்கும். அதை ஒருக்கால் வாசிச்சு விடுங்கோ."

அந்த ஆறு இலக்கம் என்னவென்று அட்சயாவுக்குத் தெரியும். உங்களுடைய எண்ணைக் கொடுத்து வேறு யாராவது தன்னுடைய கைபேசியில் வாட்ஸ்அப்பைத் திறக்கப் பார்த்தால், அந்த நிறுவனம், 'உண்மையான ஆள் நீங்கள்தானா?' என்று உங்களுக்கு ஆறு இலக்கம் அனுப்பும். அதை யார் சொல்கிறாரோ அவர்தான் நீங்கள். அம்மா இதை வாசித்துவிட்டால், அடுத்த நிமிடமே இராஜேஸ்வரி என்பவள் ரெக்ஸ்டேலிலோ வேறெங்கோ இருப்பாள். அம்மாவின் படத்தோடு, அம்மாவின் பெயரோடு, இந்த உலகத்தில் இருக்கிற சொந்தம் எல்லாவற்றிடமும் கை நீட்டுவாள். புருசனை இழந்து ஒரு மாதமும் ஆகாதவள் அவசரமாகக் காசு கேட்டால் யார் ஏன் என்று கேட்பார்கள்? அப்பாவின் செத்த வீட்டுச் செலவுக்கே ஒருவரிடமும் கேட்காமல் தலைநிமிர்ந்து நின்ற அம்மா அதற்குப் பிறகு யாருடைய முகத்தில் முழிப்பாள்?

"பொறும் தம்பி," அம்மா கையைத் துடைத்துக் கண்ணாடியைப் போட்டாள். "ஓம், வந்து கிடக்கு. ஏழு... நாலு..."

அட்சயா பாய்ந்து ஃபோனைக் கையால் பொத்தினாள்.

"என்ன பழக்கம் உது?" அம்மாவின் குரல் சீறியது. "ஒரு மனுசன் கதைச்சுக்கொண்டிருக்கேக்கை!"

"அம்மா, உவர் கள்ளன்."

"உனக்கு அந்தப் படிப்புப் படிச்சுப் படிச்சுக் கண்டதெல்லாம் கள்ளன். எங்கட ஆள் பிள்ளை! கொப்பாவின்ர முழுப் பரம்பரையும் சொல்லுறான்."

"பரம்பரை முழுக்க நான்தான் எழுதிப் போட்டனான்!"

"அண்ணி? லைனிலை நிக்கிறியளோ?" என்றது அவளுடைய உள்ளங்கைக்குக் கீழே குரல்.

அம்மா அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள். துக்க வீட்டுக்கு எடுத்த சொந்தக்காரனின் ஃபோனை அறைந்து வைப்பதா? அம்மா இறந்தாலும் அதைச் செய்யமாட்டாள். அட்சயா வைத்தாலும் தானே திருப்பி எடுத்து, மன்னிப்புக் கேட்டு, மிச்சத்தையும் வாசிப்பாள். அப்போதுதான் அந்த இல்லாத தெரு அட்சயாவின் நினைவுக்கு வந்தது.

"ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ," என்று அம்மாவின் காதுக்குள் கெஞ்சினாள். "அப்பாவை என்னெண்டு கூப்பிடுறவர் எண்டு. சரியாச் சொன்னால் மிச்ச நம்பரை நானே வாசிக்கிறன்."

அம்மா அவளை எரிப்பதுபோலப் பார்த்தாள். அட்சயா ஃபோனிலிருந்து கையை எடுத்ததும் குரலைத் திருத்திக்கொண்டாள். "தம்பி, குறை நினைக்காதையும். இவள் பிள்ளைக்கு ஒரு ஆசை. நீங்களெல்லாம் சின்னனிலை இவரை என்னெண்டு கூப்பிடுறனீங்கள்?"

"அதோ அண்ணி?" குரல் சிரித்தது. அந்தச் சிரிப்பில் பாசம் வழிந்தது. "மழை அண்ணை எண்டுதான். ஊரே அவரை மழை எண்டுதானே கூப்பிடும்."

அம்மாவின் கை பட்டுப் பலகையிலிருந்த கத்தி நழுவியது.

வாய் திறந்தபடி இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் இமைக்கவில்லை. அட்சயா, இதோ அம்மா கத்தப்போகிறாள், மண் அள்ளித் தூற்றப்போகிறாள் என்று நினைத்தாள்.

அம்மா குனிந்து, ஃபோனுக்குக் கிட்டப் போய், மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, நீர் ஆற்றை பிள்ளை?"

ஒரு மணித்தியாலத்துக்கு முன்னும் அதே கேள்வியைத்தான் அவள் கேட்டிருப்பாள்; அவனும் மளமளவென்று பதில் சொல்லியிருப்பான். இப்போது அந்தப் பக்கத்தில் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சுக்குப் பின்னால், தூரத்தில், ஏதோ ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"தம்பி, சோறு ஆறுது. உந்த ஃபோனை வைச்சிட்டு வாவன்."

லைன் அறுந்தது.

அட்சயாவின் பாடப்புத்தகங்களில் திருடனுக்கு முகம் இல்லை. எங்கோ இருட்டறையில் தொப்பி போட்ட ஓர் உருவம், அவ்வளவுதான். அவனுக்குச் சோறு ஆறும் என்று எந்தப் பாடத்திலும் இருக்கவில்லை.

அவள் உடனே செய்ய வேண்டியதைச் செய்தாள். அம்மாவின் வாட்ஸ்அப்பில் இரண்டாவது பூட்டு ஒன்று இருக்கிறது. கணக்கை வேறு கைபேசியில் திறக்க, வந்த ஆறு இலக்கம் போதாது, நாமே தெரிந்துவைத்த இன்னும் ஆறு இலக்கம் வேண்டும். அதை விளக்கி, ஃபோனை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா முதுகைத் திருப்பிக்கொண்டு தட்டினாள்.

"என்ன நம்பர் போட்டனீங்கள்?"

"உனக்கேன்?" என்றாள் அம்மா.

அட்சயா பேச்சை மாற்றி, "நாங்கள் அடிக்கிற நினைவு மலரிலையாவது மலை எண்டு திருத்திப் போடுவம்," என்றாள்.

"வேண்டாம். மழை எண்டே கிடக்கட்டும். எங்களுக்குத் தெரியும் அவர் மலை எண்டு." அம்மா கத்தியை எடுத்தாள், வெட்டவில்லை. குணவதிக்கு எடுத்து எச்சரிக்க வேண்டும் என்றாள், எடுக்கவில்லை. வெட்டிப் போட்ட கத்தரிக்காய் பலகையில் கறுத்துக்கொண்டிருந்தது.

"பிள்ளை," என்றாள் கடைசியில். "அந்த மனுசி கூப்பிட்டவ எல்லே, சோறு ஆறுது எண்டு?"

"ஓம்."

"அது தீவுப்பக்கத்துப் பேச்சு, கொப்பாவின்ர வேலணை மாதிரி." அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் இன்னும் அகலத் திறந்தபடியே இருந்தன. "நான் அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறன்."