ரோவேனா சொன்ன ஸ்பிரிங்

டெல்மர் ஹாவர்காம்புக்கு ஐம்பத்தாறு வயதில் கல்யாணம் கூடிவந்தது. பெண் ரோவேனா பிக்ஸ்லர், அவனைவிட மூன்று வயது இளையவள். இரண்டு பேருக்குமே இது இரண்டாம் முறை என்பதால் மோதிரம், சாப்பாடு, பாதிரியார் எல்லாம் அரை மணி நேரத்தில் பேசி முடிந்துவிட்டது. யார் வீட்டில் குடியிருப்பது என்பதில்தான் இழுபறி. டெல்மரின் கொட்டகையில் காரை ஆள் உயரத்துக்குத் தூக்கும் லிஃப்ட் இருந்தது. ரோவேனாவின் வீடு ஆற்றைப் பார்த்து இருந்தது. மூன்று மாதம் பேசிப் பார்த்தார்கள். கடைசியில், வின்ஃபர்ட் ஊரில் மற்ற வழக்குகள் தீரும் இடத்திலேயே இதையும் தீர்த்துக்கொள்வது என்று முடிவானது. ஊருக்கு வெளியே, சோளக்காட்டுக்கு நடுவே, கால் மைல் நீளத்துக்குக் கிடக்கும் பந்தயத் தடம் அது. அக்டோபர் கடைசி சனிக்கிழமை ஓட்டம். தோற்றவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஜெயித்தவர் வீட்டுக்கு வர வேண்டும்.

டெல்மரிடம் இருந்தது எழுபதாம் வருஷத்து நோவா கார். சிவப்பு நிறம், எட்டு சிலிண்டர், உறுமினால் பக்கத்துத் தெரு நாய் கட்டிலுக்கடியில் ஓடும். ரோவேனாவிடம் இருந்தது பழுப்பு நிறத்தில் ஒரு நீளமான குடும்ப வண்டி. மளிகை வாங்கப் போவதும் அதில்தான், பந்தயம் ஓட்டுவதும் அதில்தான். இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு அந்தத் தடத்தின் கணக்கு தெரியாது என்று அர்த்தம். அங்கே ஓட்டுகிறவர், தன் வண்டி எத்தனை வினாடியில் ஓடி முடிக்கும் என்று தானே முன்கண்ணாடியில் எழுத வேண்டும். மெதுவான வண்டி அந்த வித்தியாசத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிடும். வேகமான வண்டி துரத்த வேண்டும். ஆனால் எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால், முதலில் வந்தாலும் தோல்விதான். தன் வண்டியைத் தெரிந்தவருக்குத்தான் அங்கே மரியாதை.

டெல்மருக்குத் தன் வண்டியைத் தெரியவில்லை. குற்றம் அவன் மேல் இல்லை, வண்டியின் பின்பக்கத்தின் மேல். நாற்பது வருஷத்துப் பட்டை ஸ்பிரிங் சோர்ந்துபோயிருந்தது. மிதித்ததும் பின் ஆக்சில் முறுக்கிக்கொள்ளும், சக்கரங்கள் தரையில் நிற்காமல் தடதடவென்று குதிக்கும். ஒரு ஓட்டம் பதின்மூன்றரை வினாடி, அடுத்தது பதின்மூன்று, அதற்கடுத்தது பதினாலு. என்னத்தை எழுதுவது?

மாற்றியே ஆக வேண்டும் என்று ஆனது. எதை மாற்றுவது என்பதில் ஊரே இரண்டாகப் பிரிந்தது. அவனுடைய கூட்டாளி வெர்லின் ஒரே பிடியாக நின்றான்.

"பட்டையெல்லாம் கழட்டி எறிடா. நாலு தண்டு, ரெண்டு சுருள் ஸ்பிரிங். என் வண்டியப் பாத்தல்ல?"

"பின்னாடி தரைய வெட்டணுமேடா."

"வெட்டு! பின் சீட்டுல யாரு, உங்க ஆயாவா உக்காரப் போறாங்க?"

டெல்மருக்கு ஆசை வந்துவிட்டது. ஆனாலும் ஒரு நாள் மத்தியானம், பன்றி இறைச்சி ரொட்டியைக் கடித்துக்கொண்டே ரோவேனாவிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டான். லாரி ஸ்பிரிங் கடையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவளிடம் கேட்காமல் எப்படி இருப்பது? கேட்ட பிறகுதான், கேட்டது எதிராளியிடம் என்பது உறைத்தது.

"புதுப் பட்டை போடு," என்றாள் ரோவேனா யோசிக்காமல். "ஆக்சில் முறுக்காமப் புடிச்சுக்க ரெண்டு பக்கமும் ஒரு இரும்புக் கை. நல்ல ஷாக் அப்சர்பர். அவ்வளவுதான்."

"வெர்லின் நாலு தண்டுங்கிறானே. இன்னும் வேகமா ஓடுமாம்."

"ஓடும். ஆனா அதுல ஏத்தி எறக்கப் பதினெட்டு ஓட்டை இருக்கு. உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? பதினெட்டு ஓட்டை குடுத்தா நீ பத்தொம்பதாவது ஓட்டை போடுவ. ஒரு சனிக்கிழமை ஓடின மாதிரி மறு சனிக்கிழமை ஓடாது. உனக்கு வேண்டியது வேகம் இல்லய்யா, ஒரே மாதிரி ஓடுறது."

டெல்மர் தலையை ஆட்டினான், நம்பவில்லை. முப்பது வருஷம் சீட்டாடியவன் அவன். எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் கையைக் காட்டிவிட்டு ஆடி அவன் பார்த்ததே இல்லை. ஆற்றங்கரை வீட்டுக்குத் தன்னை இழுக்கத்தான் மட்டமான சாமானைத் தலையில் கட்டுகிறாள் என்று நினைத்தான். அப்படி நினைத்தும் அவள்மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. கெட்டிக்காரி என்று பெருமையாகத்தான் இருந்தது.

நாலு தண்டு வாங்கும் முடிவோடு வெர்லின் வீட்டுக்குப் போனான். வெர்லின் வண்டிக்கடியில் கிடந்தான். இந்த வாரம் ஒரு ஓட்டை மேலே, போன வாரம் இரண்டு ஓட்டை கீழே. வெர்லினின் மனைவி ஜன்னலைத் திறந்து, "ஏப்ரல்லேருந்து அந்த மனுஷன் மூஞ்சிய நான் பாக்கல, காலத்தான் பாக்குறேன்," என்று சொல்லிவிட்டு மூடினாள். டெல்மர் பின் சீட்டு இருந்த இடத்தை எட்டிப் பார்த்தான். வெல்டிங் தழும்பும் இரும்புக் குழாயும்தான் இருந்தன. திரும்பி வரும் வழியிலேயே புதுப் பட்டைக்கும் இரும்புக் கைக்கும் சொல்லிவிட்டான். ரோவேனா சொன்னதற்காக இல்லை, தானே கண்ணால் பார்த்து எடுத்த முடிவு என்று தனக்குத் தானே மூன்று தடவை சொல்லிக்கொண்டான்.

பந்தய நாளன்று வெயில் நன்றாக அடித்தது. மத்தியானம் நோவாவை மூன்று முறை ஓட்டிப் பார்த்தான். மிதித்ததும் வண்டி பின்னால் ஒரு தடவை அமர்ந்தது, அவ்வளவுதான், குதிப்பும் இல்லை தடதடப்பும் இல்லை, நேராகப் பறந்தது. பலகையில் பன்னிரண்டு புள்ளி தொண்ணூறு. அடுத்தது தொண்ணூற்றொன்று. மறுபடி தொண்ணூறு. டெல்மர் இறங்கி வந்து பின்சக்கரத்தைத் தட்டிக்கொடுத்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்கள் முறை. வெள்ளை ஷூ பாலிஷ் புட்டியை எடுத்துக் கண்ணாடியில் 12.90 என்று எழுதிக்கொண்டிருந்தபோது ரோவேனா ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டபடி வந்தாள்.

"எண்பத்தி மூணுன்னு எழுது டெல்மர்."

"எதுக்கு?"

"வெயில் எறங்கிடுச்சு. குளிர் காத்து உள்ள போனா இன்ஜின் இன்னும் நல்லா இழுக்கும். முந்தியெல்லாம் சக்கரம் குதிக்கும், அதுல இதெல்லாம் உனக்குத் தெரிஞ்சிருக்காது. இப்ப வண்டி ஒழுங்கா இருக்கு, காத்து மாறினா காட்டிக்கும். நானும் என்னோடத மாத்திட்டேன், பாரு."

அவள் கண்ணாடியில் 15.60ஐத் துடைத்து 15.53 என்று எழுதியிருந்தது. வெர்லின் டெல்மரின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"டேய் மடையா, எதிராளி சொல்ற நம்பரையா எழுதுவ? எண்பத்தி மூணு எழுதினா அந்தப் பொம்பள இன்னும் கொஞ்சம் முன்னாடியே கெளம்பிடும்டா!"

அதுவும் கணக்குக்குச் சரியாகத்தான் வந்தது. டெல்மர் ரோவேனாவைப் பார்த்துச் சிரித்தான். "நல்லா ஆடுற தாயி," என்றான். நம்பரை மாற்றவில்லை. ரோவேனா தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

பழுப்பு வண்டி முதலில் கிளம்பியது, கல்யாண ஊர்வலம் போகிற மாதிரி நிதானமாக. டெல்மர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். பச்சை விளக்கு எரிந்ததும் மிதித்தான். நோவா அமர்ந்தது, பாய்ந்தது. பாதித் தடத்தில் ரோவேனாவின் பின்விளக்கு தெரிந்தது, முக்கால் தடத்தில் அவள் கதவு தெரிந்தது, கோட்டைத் தாண்டும்போது ஒரு மூக்கு நீளம் முன்னால் இருந்தவன் டெல்மர். ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கத்தினான். லிஃப்ட் பிழைத்தது என்று பாடவே ஆரம்பித்துவிட்டான்.

அப்போது ஒலிபெருக்கி சொன்னது: "நோவா, பன்னிரண்டு புள்ளி எண்பத்து மூன்று. எழுதியதைவிட வேகம். ரோவேனா பிக்ஸ்லர் பதினைந்து புள்ளி ஐம்பத்தைந்து. வெற்றி ரோவேனாவுக்கு!"

கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. டெல்மர் திரும்பி வரும் பாதையில் வண்டியை நிறுத்தி, பக்கத்தில் ரோவேனா வந்து நிற்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான். அச்சுப் பிசகாமல் எண்பத்து மூன்று. அவனுக்கு முகம் சூடானது. தோற்றதற்காக இல்லை.

"நீ நெசமாத்தான் சொன்னியா?"

"பின்ன?"

"ஸ்பிரிங்கு விஷயமும்?"

"அதுவும்தான்."

"நீ ஜெயிக்க வேண்டாமா ரோவேனா? ஆத்தோரத்து வீடு?"

"வேணும். ரொம்ப வேணும்," என்றாள் அவள். "ஆனா உன்ன ஏமாத்தி ஜெயிச்சுட்டு, அதே வீட்டுல உன்கூட எப்படிய்யா காலைல காப்பி குடிக்கிறது?"

டெல்மருக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்க, அவளும் சிரிக்க, பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்து, "கல்யாணத்த அப்புறம் பண்ணிக்கங்க, வழிய விடுங்க!" என்று கத்தினான்.

இருட்டுவதற்குள் இன்னும் ஒரு ஓட்டத்துக்கு நேரம் இருந்தது. பந்தயம் இல்லை, சும்மா ஆசைக்கு. டெல்மர் கண்ணாடியில் இருந்த நம்பரைச் சட்டைக் கையாலேயே துடைத்தான். ஷூ பாலிஷ் புட்டியை ரோவேனாவிடம் நீட்டினான்.

"நீ எழுது."

அவள் காற்றை ஒரு தரம் மூக்கால் இழுத்துப் பார்த்துவிட்டு எழுதினாள். வெர்லின் ஓடி வந்து, "என்னடா எழுதியிருக்கு, பாத்தியா?" என்றான். டெல்மர் பார்க்கவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு கோட்டுக்குப் போனான்.