சத்தந்தின்னி

பழைய டூத் பிரஷ்ஷால் காவ்யா சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணியால் துடைத்ததில் மேலாக இருந்த சேறு போய்விட்டது. வரிப் பள்ளங்களுக்குள் புகுந்தது போகவில்லை. முறுக்குப் பிழிவது போல இயந்திரம் சிமெண்டுக் குழம்பை வரி மேல் வரியாகப் பிழிந்து அச்சடித்த சுவர் அது. அதை வடிவமைத்தவளே அவள்தான். ரயில் சத்தம் உள்ளேயே சிக்கிச் சாக வேண்டும் என்று ஒவ்வொரு பள்ளத்தையும் கம்ப்யூட்டரில் மாதக்கணக்காக அளந்து வரைந்தவள். இப்போது அதில் சிக்கியிருந்தது அப்பாவின் கைச்சேறு.

முழங்கால் உயரத்தில் ஒரு கை பதிந்திருந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே இன்னொன்று, வழுக்கி இறங்கிய மாதிரி.

நேற்றுக் காலை அப்பா உடையப்பன் சுவருக்கு அந்தப் பக்கம் கத்திரிப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போன அம்மா பரிமளா, அவர் சுவரடியில் கிடப்பதைப் பார்த்தாள். நெஞ்சுவலி, உடனே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அவர் துண்டும் ஒரு செருப்பும் மோட்டாரடியில் கிடந்தன. அங்கிருந்து சுவர் வரைக்கும் ஈர மண்ணில் அவர் தவழ்ந்து வந்த இழுவைத் தடம். அம்மா இருந்த இருப்பில் அதைக் கவனிக்கவில்லை. காவ்யா கவனித்தாள். தடத்தை மண்வெட்டியால் கொத்திவிட்டுத்தான் பிரஷ்ஷை எடுத்தாள்.

“காவ்யா, அங்கிட்டு என்னத்தா பண்ற?” அத்தை சொர்ணம் சுவரின் சின்னக் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். “குளிப்பாட்டப் போறாங்க, வா.”

“வாரேன் அத்த. காலு சேறாயிருச்சு, கழுவிட்டு வாரேன்.”

வாசல் பந்தலில் அம்மா கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். வருகிற ஒவ்வொருவரிடமும் அதையேதான் சொன்னாள். “ஒரு சத்தங்கூடப் போடலைங்க. கொல்லக் கதவு தெறந்துதான் கெடந்துச்சு, நான் அடுப்படியிலதான் நின்னேன். ஒரு மொனகல் கேக்கல. அலுங்காமப் போயிட்டாரு.”

“கஷ்டப்படாமப் போயிட்டாரும்மா. அது யாருக்குக் கெடைக்கும்?” என்றார்கள் வந்தவர்கள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று காவ்யாவுக்குத் தெரியும். அதை யாரும் பிடுங்கிவிடக் கூடாது.

சுவர் அம்மாவுக்காக வந்தது. கீரனூரில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வீடு; கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் அம்மா தூக்கம் கெட்டு எழுந்து உட்கார்ந்தது ரத்தக்கொதிப்பில் கொண்டுபோய் விட்டது. திருச்சியில் காவ்யாவின் கம்பெனி சோதனைச் சுவருக்கு இடம் தேடியபோது அப்பாதான் சொன்னார்: “நம்ம கொல்லையிலயே வையித்தா. ஒங்கம்மா தூங்கட்டும்.” அம்மா தூங்கினாள். அப்பா அதற்குச் சத்தந்தின்னி என்று பேர் வைத்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் மகளைப் பற்றிப் பீற்றிக்கொண்டார். சக்கரம் கிறீச்சிடுவதைத் தின்கிற சுவர் மனிதன் கத்துவதையும் தின்னும். படம் வரைந்தவளுக்கு அது தெரியாமல் இல்லை. அப்போது யாரும் கேட்கவில்லை.

பாடையைத் தூக்கினார்கள். அண்ணன் கோபிநாத் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனான். பெண்கள் தெருமுக்கு வரை போய்த் திரும்பி, வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். சுடுகாட்டுப் பாதை கொல்லைக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டிப் போகிறது. தப்பு மேளத்தின் சத்தம் தெருவைச் சுற்றிக்கொண்டு நெருங்கி, சன்னல் கம்பிகள் அதிர்ந்தன.

பிறகு அது நின்றது.

விளக்குமாறுகள் அப்படியே நின்றன. அடுப்படிக்கு வெளிச்சம் வேண்டுமென்று சுவரின் நடுவில், நெஞ்சு உயரத்துக்கு மேலே, கண்ணாடி மாதிரி ஒரு பலகை பதித்திருந்தார்கள். அது வழியாக ஊர்வலம் தெரிந்தது. தப்படிக்கிறவர்களின் கைகள் ஏறி இறங்கின. யாரோ பூவை வாரி இறைத்தார்கள். கோபிநாத் வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தான். பாடை ஆடிக்கொண்டே போயிற்று. எதற்கும் சத்தமில்லை.

“ஏன் நிறுத்திட்டாக?” என்றாள் சொர்ணம்.

“நிறுத்தலையே அண்ணி,” என்றாள் அம்மா மெதுவாக. “அடிச்சுக்கிட்டுத்தான போறாக.”

காவ்யா அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

ஊர்வலம் சுவரைத் தாண்டியதும் தப்பு மறுபடி வெடித்துக் கிளம்பியது. பெண்கள் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தார்கள். அம்மா கையிலிருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொல்லைக்கு நடந்தாள்.

“போனவுக திரும்பி வரட்டும் பரிமளா. இப்ப அங்கிட்டுப் போகக் கூடாது,” என்றாள் சொர்ணம்.

அம்மா திரும்பவில்லை. சுவரின் கதவைத் திறந்து போய், தனக்குப் பின்னால் சாத்திக்கொண்டாள்.

காவ்யா கொல்லை வாசற்படியில் வந்து நின்றாள். கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் அம்மாவின் முகம் வந்தது. அவள் பாத்தியைப் பார்க்கவில்லை, கொத்திய மண்ணைப் பார்க்கவில்லை. நேராக மகளைப் பார்த்தாள். வாய் பெரிதாகத் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

அடுப்படியில் தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்த ஒருத்திகூட நிமிரவில்லை.

“அங்க நின்னு என்னத்தப் பாக்குறா ஒங்கம்மா?” என்றாள் சொர்ணம், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே.

தன் பெயரைத்தான் கூப்பிடுகிறாள் என்பது உதடு அசைவதிலிருந்துதான் காவ்யாவுக்குத் தெரிந்தது. அம்மா நிறுத்தினாள். காத்திருந்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டாள்.