இடக்கைச் சுட்டுவிரல்

கையுறை ஜோடியை முடித்து மடியில் போட்டுப் பார்த்தபோதுதான், தான் செய்து வைத்திருக்கும் காரியம் செலினாவுக்கு உறைத்தது. சுட்டுவிரலுக்கான தனி உறை இடக்கையில் இருந்தது. துப்பாக்கி விசையை இழுக்கும் விரலுக்கு மட்டும்தான் அந்த மரியாதை. மற்ற விரல்கள் ஒன்றாக ஒடுங்கிக் குளிர்காய வேண்டியதுதான். இப்போதைய புருஷன் ஆம்ப்ரோஸ் வலக்கைக்காரன். இடக்கையால் சுட்டவன் சைலஸ், கடல் கொண்டுபோன முதல் புருஷன். பாழாய்ப்போன விரல்கள் அவளைக் கேட்காமலே அவனுக்குப் பின்னியிருந்தன.

பிரித்துவிடலாம் என்றால் அதுவும் லேசில்லை. தையலுக்குத் தையல் செருகிய நூற்காத கம்பளிக் கொத்துகள் உள்ளே மெத்தைபோலப் பின்னிக் கிடந்தன. விடிந்தால் வாத்து வேட்டை. கல்யாணமாகி முதல் குளிர்காலம். புதுப் பெண்டாட்டி பின்னியதைப் போட்டுக்கொண்டு வருவானென்று படகுத்துறையே காத்திருக்கிறது. இத்தனை மாதத்தில் ஆம்ப்ரோஸ் ஒருநாள்கூட சைலஸின் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. இன்னும் விருந்தாளியாகவே இருக்கிறவனிடம் இதை எப்படி நீட்டுவது?

விறகோடு உள்ளே வந்தவன், அவள் ஒளிப்பதற்குள் எடுத்து மாட்டிக்கொண்டான். இடக்கை விரலை நீட்டி மடக்கினான். முகம் ஒரு கணம் வாடியது.

"கொண்டா, பிரிச்சுடறேன். ஏதோ நெனப்புல பின்னித் தொலைச்சுட்டேன்."

"விடு புள்ள."

"ஊரே சிரிக்கும்ப்பா."

"கடைக் கையுறைய மாட்டிக்கிட்டு ஒண்டிக்கட்டையா அலைஞ்சப்ப சிரிக்காத ஊரா?" கையுறையைக் கழற்றாமலே அடுப்பருகே உட்கார்ந்தான். "அவரு நல்லா சுடுவாரா?"

சைலஸைப் பற்றி அவன் கேட்பது இதுதான் முதல் தடவை.

"அவரா? சத்தந்தான் பெருசு. வாத்து அதுபாட்டுக்குப் போயிரும்."

ஆம்ப்ரோஸ் வாய்விட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள்; சிரித்தபடியே அழுதாள். அவன் தடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

விடியலில் சமையலறை ஜன்னலில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டுப் பார்த்தாள். மற்றவர்கள் படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆம்ப்ரோஸ் மட்டும் மீன் கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் தப்பான கண்ணை மூடினான். பிறகு கண்ணை மாற்றி, புது உறைக்குள் இருந்த விரலை விசைமேல் வைத்து, ஒன்றுமேயில்லாத கடலைக் குறிபார்த்தான்.