தொடையில் மேய்ந்த ஆடு

அடி அண்ணாமலை கிராமத்து ஓவியா ஆடி மாதம் தன் இடது தொடையில் பச்சை குத்திக்கொண்ட ஆட்டுக்குட்டி, கார்த்திகை தீபத்துக்குள் வளர்ந்து பெரிய ஆடாகிவிட்டது. கொம்பு முளைத்த அன்று அவளுக்கு லேசாகக் காய்ச்சல் இருந்தது. மற்றபடி தொந்தரவு ஏதுமில்லை.

குத்திக்கொள்ளச் சொன்னவர் ஈஸ்வர். செங்கம் சாலையில் டாட்டூ கடை வைத்திருந்தார். கடை என்றால் கோபித்துக்கொள்வார். ‘தோல் ஆலயம்’ என்றுதான் பலகை. ‘அண்ணா, எனக்குக் கத்துத் தருவீங்களா?’ என்று ஓவியா அனுப்பிய செய்திகளுக்கு நீல டிக் விழுந்ததே தவிர பதில் வரவில்லை. பூசணிக்காய் மேல் இழுத்துப் பழகிய கோடுகளைப் படமெடுத்து அனுப்பி, எந்தக் கோடு ஏன் நடுங்குகிறது என்று கேட்டபோதுதான் வந்தது: ‘அண்ணா இல்ல, மாஸ்டர். மொதல்ல உன் தோல்ல ஒண்ணு குத்திட்டு வா.’ தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் தங்கள் தொடையைத்தான் பாழாக்கிக்கொள்வது வழக்கம். கை எட்டும், துணி மறைக்கும். ஓவியா புது ஊசியும் கையுறையும் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டும் வரையத் தெரிந்த ஒன்றைக் குத்தினாள். வீட்டில் ஆடு உண்டு.

தொடையிலிருந்த குட்டிக்குப் பசித்தது. வெறும் தோலை அது நக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் முட்டிக்கு மேல் நாலு புல் குத்திவைத்தாள். விடிந்தபோது புல் இல்லை. தோல் துடைத்த மாதிரி இருந்தது. மறுபடி குத்தினாள். இப்படியே மழைக்காலம் போய்ப் பனி வந்தது. குத்தியதை ஆடு தின்றுவிட்டதால் இடம் தீரவில்லை. கை நடுக்கம்தான் தீர்ந்தது.

ஈஸ்வர் அவளைச் சேர்த்துக்கொண்டார், நாற்காலி துடைக்க. வாடிக்கையாளர் பக்கத்தில் மாஸ்டர் உட்காரும் ஸ்டூலைக் காட்டி, “இதுல உக்காரத் தவம் வேணும்மா” என்பார். தைக்குள் அந்த ஸ்டூல் கிடைக்காவிட்டால் ஜவுளிக்கடை வேலைக்குப் போகவேண்டும் என்று அம்மா பாஞ்சாலை சொல்லியிருந்தாள்.

மார்கழியில் லாட்ஜ் வரவேற்பில் வேலை செய்யும் ரேணுகாம்பாள் வந்தார். இறந்துபோன மகள் பூஜா கோணலாக எழுதிப் பழகிய தன் பெயரை, அப்படியே மணிக்கட்டில் குத்தச் சொல்லி முன்பொரு நாள் கேட்டிருந்தவர். “நீங்க பேசாதீங்க மேடம், உங்க ஆத்மா பேசும்” என்று ஈஸ்வர் கண்ணை மூடி, சூலம், தீ, பாம்பு எல்லாம் சேர்த்துவிட்டார். அவ்வளவு தாடி வைத்தவரிடம் எதிர்த்துப் பேச முடியாமல் அன்று தலையாட்டிய ரேணுகாம்பாள், இப்போது சேலைத் தலைப்பை விலக்கிக் கையைக் காட்டினார்.

“என் பொண்ணு எங்க இருக்கான்னு தேட வேண்டியிருக்குங்க.”

“அவங்க பிரபஞ்சத்துல கரைஞ்சிருக்காங்க மேடம். மேல ஒரு சிங்கம் போட்டுடலாம்.”

தண்ணீர் கொண்டுவந்த ஓவியா தரையில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “அக்கா, இதுல எது வேணும், எது வேணாம்?”

“பேரு மட்டும் போதும்மா. அவ எழுதுன மாதிரி.”

ஆடு சுடிதாருக்குள்ளிருந்து நடந்து, ஓவியாவின் உள்ளங்கை வழியாக ரேணுகாம்பாளின் கைக்கு ஏறியது. முதலில் தீயைத் தின்றது. சூலத்தில் மை ஜாஸ்தி, நிதானமாக மென்றது. மூலையில் குழந்தை பெயரைவிடப் பெரிதாக இருந்த கையெழுத்தைக் கடித்தபோது, “ஏய், அது என் கையெழுத்து!” என்றார் ஈஸ்வர். ஆடு விழுங்கியது. பெயரை முகர்ந்து பார்த்தது. கால்களை மடக்கி அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

சூலம் பாய்ந்திருந்த ஓர் எழுத்து மட்டும் பாதி அழிந்திருந்தது. ஈஸ்வர் மெஷினை எடுத்தார். ரேணுகாம்பாள் கையை இழுத்துக்கொண்டார்.

“நீங்க வேணாங்க. என்ன வேணும்னு கேட்ட பொண்ணு குத்தட்டும்.”

ஈஸ்வர் ஆட்டைப் பார்த்தார், பிறகு ஸ்டூலை. எழுந்துகொண்டார். ஓவியா உட்கார்ந்து, நடுங்காத கையால் அந்தக் கோணலை அப்படியே இழுத்தாள்.

தன் தவத்தால்தான் ஆடு வந்ததென்று ஈஸ்வர் இப்போது பலகை எழுதியிருக்கிறார். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் பழைய காதலர் பெயர்களோடு வாசலில் நிற்கிறார்கள். சிலர் அகத்திக்கீரையும் வாங்கி வருகிறார்கள். ஓவியா ஒவ்வொருவரிடமும் எது வேணும், எது வேணாம் என்று கேட்கிறாள். கீரை வீட்டு ஆடுகளுக்குப் போகிறது.

சில நாள் காலையில் தொடை வெறுமையாக இருக்கும். அவள் தேடுவதில்லை. லாட்ஜிலிருந்து போன் வரும்.

“ஆடு இங்கதாம்மா இருக்கு. பாப்பாகிட்ட படுத்திருக்கு.”

“இருக்கட்டும்கா. மத்தியானம் வந்து கூட்டிக்கிறேன்.”